மூவாயிரம் அடி கீழே கடல்

பெங்களூருவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்கள் பை-டூ டீயோடு பேசிக்கொள்ளும் ஆசைகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். குடகில் கொஞ்சம் காபி, சொந்த ஊரில் தென்னந்தோப்பு, காசி யாத்திரை. நடுவில் யாராவது ஒருவர், அதுவும் எச்.ஏ.எல்., பி.இ.எல். மாதிரி இடத்தில் 30 வருஷம் போட்டவர், "சின்னதா ஒரு பாய்மரப் படகு, கரையை விட்டு ரொம்ப விலகாம, கோவாவிலேர்ந்து கொச்சி வரைக்கும். இந்த வயசுல கத்துக்க முடியுமா சார்?" என்று கேட்டுவிடுவார். உடனே மேசையைச் சுற்றிச் சிரிப்பு. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிற ஊர். கிழக்கே இறங்கினாலும் மேற்கே இறங்கினாலும் அலையில் கால் நனைக்க 350 கிலோமீட்டர் போயாக வேண்டும்.

சிரிக்க வேண்டியதில்லை. இந்தியக் கடல்களின் வரைபடங்களைப் போடும் அலுவலகம் டேராடூனில், மலையடிவாரத்தில் இருக்கிறது. இன்று அலை எவ்வளவு உயரம் எழும் என்று மீனவர்களுக்குத் தினமும் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனம் ஹைதராபாத்தில். நடுக்கடலில் ஒருவர் அபாயக் கருவியின் பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியாக அந்தச் சமிக்ஞை வந்து சேரும் இந்தியக் கட்டுப்பாட்டு மையம் நம் பெங்களூருவில்தான், இஸ்ரோவின் இஸ்ட்ராக்கில் இருக்கிறது. இங்கிருந்துதான் கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகிறது. கடல் காரியத்தில் பாதி கடலில்லாத ஊர்களில் நடக்கும்போது, கடலில்லாத ஊர்க்காரர் ஒருவர் பாய் விரிக்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. வேண்டுமானால் இன்னொரு டீ சொல்லிக்கொள்வோம்.

வயதிலிருந்து ஆரம்பிக்கலாம். பிரிட்டனின் பிரான்சிஸ் சிசெஸ்டர் 1966 ஆகஸ்டில் பிளிமத் துறைமுகத்திலிருந்து தனி ஆளாக உலகைச் சுற்றக் கிளம்பியபோது வயது 64. வழியில் சிட்னியில் மட்டும் நின்று, 1967 மே மாதம் திரும்பி வந்தார். இளமையில் அவர் படகோட்டி அல்லர், விமானி. ஜிப்சி மாத் என்ற சின்ன விமானத்தில் தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தவர். 50 வயதைத் தாண்டி, 1953இல்தான் கடலோட்டத்துக்கு ஒரு படகு வாங்கினார். அதற்கும் அந்த விமானத்தின் பெயரையே வைத்தார். எச்.ஏ.எல். ஆட்களுக்கு இந்தக் கதை சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜீன் சாக்ரடீஸ் என்ற பிரிட்டிஷ் கணக்கு டீச்சரின் கதை. ஐம்பதை நெருங்கும்போதுதான் பாய்மரம் பழகினார். ஓய்வுக்குப் பிறகு கணவரும் அவருமாகப் படகில் சுற்றினார்கள். 2003இல் கணவர் இறந்தபின் அந்த அம்மா தனியாகவே ஓட்டினார். 2019இல், 77 வயதில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். செய்தித்தாள்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய கதை. 2008இல் ஒரு சுற்று முடிய 60 மைல்கூடப் பாக்கியில்லாத இடத்தில், மெக்சிகோவின் கடற்கரையில் அவர் படகு தரைதட்டிப் போனது. மூன்று மகாசமுத்திரங்கள் செய்யாததை ஒரு மணல் கரை செய்தது.

இந்த வரிசையில் ஜப்பானின் கெனிச்சி ஹோரியையும் சேர்ப்பார்கள். 2022இல், 83 வயதில், தனியாக பசிபிக்கைக் கடந்தவர். அவரைச் சேர்ப்பது நியாயமில்லை. 23 வயதிலேயே, 1962இல், அதே கடலைத் தனியாகக் கடந்த மனிதர் அவர். வாழ்நாள் முழுக்க ஓட்டியவரையும் பென்ஷன் வாங்கத் தொடங்கிய பின் ஓட்ட ஆரம்பித்தவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் புதிதாக வருகிறவருக்குத் தப்பான தைரியம் வந்துவிடும்.

மகாசமுத்திரம் என்பது தாங்கும் சக்தியின் விஷயம். கரையோரம் அப்படியில்லை. அங்கே மோதுவதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்: பாறை, மணல் திட்டு, வலை, விளக்கில்லாத படகு, கப்பல். கரை பக்கத்தில் இருக்கிறது என்பது கடற்கரையில் நிற்பவருக்கு ஆறுதல். படகில் இருப்பவருக்குக் கவலை. ஆனால் கரையோரத்துக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எந்த மாதம், எந்தக் காலை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் உங்கள் கையில். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குத் திரும்பி இட்லி சாப்பிடலாம். நடுப் பசிபிக்கில் அது முடியாது. பிந்திய வயதில் கற்பவருக்குக் கரையோரம் தோதாக இருப்பது இதனால்தான். கை வேகம் குறைந்திருக்கும். காத்திருக்கும் பழக்கம் கூடியிருக்கும். 25 வயதுக்காரர் காற்றோடு மல்லுக்கு நின்று சமாளிக்கிறதை, 62 வயதுக்காரர் அந்தக் காற்று வரும் முன்பே கரையேறிவிடுவதன் மூலம் சமாளிக்கலாம்.

சரி, எங்கே கற்பது? அல்சூரில் வளர்ந்த தமிழர்களுக்கு ஏரியில் வெள்ளைப் பாய்கள் நகர்வது புதிய காட்சி அல்ல. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780 வரை வேர் பின்னோக்கிப் போகும் ராணுவப் பிரிவு, அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் வீரர்களை ராணுவம் முழுக்க "தம்பி" என்றுதான் கூப்பிடும். ஏரியில் அவர்கள் நடத்தும் சங்கத்துக்கு திரிஷ்ணா செயிலிங் கிளப் என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வைத்தது அல்ல. பாய் விரித்து முதன்முதலில் உலகைச் சுற்றிய இந்தியர்கள் கடற்படைக்காரர்கள் இல்லை, தரைப்படையின் இன்ஜினியர்கள். திரிஷ்ணா என்ற 37 அடிப் படகில், டி.பி.எஸ். சௌத்ரி தலைமையில் 1985 செப்டம்பரில் மும்பையிலிருந்து கிளம்பி, 1987 ஜனவரியில் திரும்பினார்கள். பாலம் கட்டுகிறவர்கள், கண்ணிவெடி எடுக்கிறவர்கள் சாதித்தது இது. தனியாகச் சுற்றிய முதல் இந்தியர் திலீப் தோண்டே (2009-10), நிற்காமல் சுற்றிய முதல் இந்தியர் அபிலாஷ் டோமி (2012-13), புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும் இரண்டு பேராகச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பியது என்று கடற்படையின் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அல்சூர் கிளப் ராணுவத்துடையது. வெளியார் உள்ளே வருவது அவர்கள் விதியைப் பொறுத்தது. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். ஏரியின் நிலையும் எப்போதும் ஒன்றுபோல இருக்காது. 2016 மார்ச்சில் அதில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை ஊர் மறந்திருக்காது. ஆகாயத்தாமரை படர்ந்த வாரங்களில் படகின் அடிப்பலகை செடியில் சிக்கி நின்றுவிடும். மைசூருக்குப் பக்கத்தில் கே.ஆர்.எஸ். நீர்த்தேக்கத்தில் ராயல் மைசூர் செயிலிங் கிளப் இருக்கிறது. தண்ணீரும் விரிவு, காற்றும் தாராளம். வார இறுதிக்குப் போய்வரக்கூடிய தூரம். சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், துறைமுகத்தைச் சீரமைத்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், 1911இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போன நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் எல்லாம் சென்னைத் தண்ணீரில் தேறியவர்கள். அவர்கள் பந்தயக்காரர்கள், வேறு உலகம். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் பாடத்தின் முதல் பக்கம் ஒன்றுதான்.

அந்த முதல் பக்கம்: காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போகும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. காற்று வரும் திசையை நோக்கியே எப்படிப் போகிறது என்பதில்தான் குழப்பம். பாயை ஒரு துணிப்பையாக நினைப்பதால் வருகிற குழப்பம் அது. காற்றுக்குச் சாய்வாகப் போகும்போது பாய் என்பது நிமிர்த்தி வைத்த விமான இறக்கை. வளைந்த அதன் இரண்டு பக்கங்களிலும் காற்று வேறுவேறு அழுத்தத்தோடு ஓடுகிறது. பாய் ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பில் பெரும்பகுதி பக்கவாட்டில், கொஞ்சம் மட்டும் முன்னால். பக்கவாட்டில் நகரவிடாமல் தடுக்க, படகின் அடியில் தண்ணீருக்குள் ஒரு செங்குத்துப் பலகை இருக்கிறது. அது கீல். சீத்தாப்பழ விதையை இரண்டு விரலுக்கு நடுவே பிதுக்கினால் விதை பக்கவாட்டில் போக வழியில்லாமல் முன்னால் பாய்கிறதல்லவா, மேலே காற்றும் கீழே தண்ணீரும் சேர்ந்து படகை அப்படித்தான் பிதுக்குகின்றன.

இருந்தாலும் காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி விட்டுத்தான் போக முடியும். அதனால் இடமும் வலமுமாக மாறி மாறி, கோணல் கோணலாக முன்னேற வேண்டும். ஒவ்வொரு தரம் திருப்பும்போதும் பாய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவும். அதைத் தாங்கும் பூம் என்ற கட்டை தலைமட்டத்தில் வீசி வரும். 30 மைல் எதிர்க்காற்றில் போவதென்றால் ஓடுகிற தூரம் 42 மைல் ஆகிவிடும். 25 அடிப் படகின் சராசரி வேகம் மணிக்கு நான்கு, ஐந்து கடல் மைல். கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அதாவது, ரிங் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு ஊர்கிற பஸ்ஸின் வேகம். இந்த வேகத்தில் மனம் பொருந்தாதவர்கள் வேறு பொழுதுபோக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும் என்பது அடுத்தது. காற்று மணிக்குப் பத்து கடல் மைலிலிருந்து இருபது ஆனால் பாயின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. புதிதாக வருகிறவர்கள் கெட்டுப்போவது இந்தக் கணக்கில்தான். காற்று ஏறுகிறது என்று சந்தேகம் வந்த நொடியிலேயே பாயைப் பாதி இறக்கிச் சுருக்கிக் கட்டிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று விட்டால், பிறகு அதே வேலையைச் சாய்ந்த தளத்தில், அடித்துக்கொள்கிற துணியோடு, இரண்டு மடங்கு பலம் போட்டுச் செய்ய வேண்டியிருக்கும். 60 வயதுத் தோள்பட்டை அதைக் கேட்காது.

எந்தப் படகில் கற்பது என்பதில் கிளப்புகளோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. எல்லா இடத்திலும் டிங்கி என்கிற சின்னத் திறந்த படகில்தான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். காரணம் சரியானது: அது காற்றின் ஒவ்வொரு மாற்றத்தையும் உடம்பிலேயே உணர்த்தும். ஆனால் டிங்கி நிமிர்ந்து நிற்பது உங்கள் உடல் எடையால். ஓரத்தில் தொங்கி, குனிந்து பூமுக்கு அடியில் மறுபக்கம் பாய்ந்து, கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்து ஏறி நிமிர்த்த வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு ஒரே காலையில் ஆசை தீர்ந்துவிடும். கீல்படகு வேறு ஜாதி. அதன் கீலில் ஈயமோ இரும்போ வார்த்திருப்பார்கள். படகின் எடையில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. சாய்ந்தாலும் தானே நிமிரும். ஆகவே நான் சொல்வது: ஏரியில் காற்று மெல்ல வீசுகிற காலைகளில் டிங்கியில் சுக்கானின் தன்மையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கவிழ்வது எப்படியென்று ஒரு தரம் கவிழ்ந்து பாருங்கள். பிறகு தயங்காமல் கீல்படகுக்கு மாறிவிடுங்கள். மும்பைப் பக்கம் அதற்கென்றே பயிற்சி தருகிற பள்ளிகள் இருக்கின்றன. நம் கரையோர ஆசைக்கு அடுத்த படி அதுதான்.

இனி முக்கியமான விஷயம், காலம். மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலைப் பற்றிய பேச்சே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கரையை நோக்கி அடிக்கிறது. படகுக்குப் பின்னால் ஒதுங்க இடமில்லாமல் பாறைக் கரை. கர்நாடகத்தில் விசைப்படகுகளுக்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை; அது மீன் பெருகுவதற்கான தடை என்றாலும் மல்பே, மங்களூர் மீனவர்கள் அந்த மாதங்களில் கடல் எப்படியிருக்கும் என்று கதை கதையாகச் சொல்வார்கள். அக்டோபரில் கடல் அடங்கும். ஆனால் நவம்பர் கடைசியையும் முழுசாக நம்ப முடியாது: 2017இல் ஒக்கி புயல் குமரி முனைக்குப் பக்கத்திலேயே உருவாகி, ஒரே நாளில் வலுத்து, கடலில் இருந்தவர்களை வாரிக்கொண்டு போனது நவம்பர் 30ஆம் தேதி. மறுமுனையில் மே மாதமும் அப்படித்தான். 2021 மே மாதத்தில் டவ்தே புயல் இதே கரையோரமாக வடக்கே ஏறி மும்பைக்கு வெளியே ஒரு பெரிய பார்ஜையே மூழ்கடித்தது. இரண்டு நுனியையும் வெட்டிவிட்டால், டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. புதிதாக வருகிறவருக்கு அந்த மூன்றரை மாதம் போதும்.

அந்த மாதங்களில் கொங்கண், கனரா கரைகளில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் படகோட்டம் வந்த மாதிரி. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்கிறது, கடல் குளிர்வதில்லை. அதனால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு, கிழக்கிலிருந்து, மெல்ல வரும். மீனவர்கள் இந்தக் கரைக்காற்றை வைத்துத்தான் காலங்காலமாகக் கடலுக்குள் போனார்கள். பத்துப் பதினொரு மணிக்கு அது செத்துவிடும். கொஞ்ச நேரம் பாய் தொங்கிக்கொண்டு, வெயில் மண்டையைப் பிளக்கும். வெந்த நிலத்தின் மேல் காற்று எழும்பியதும், கடலிலிருந்து வடமேற்குக் காற்று உள்ளே வரும்; மூன்று, நான்கு மணிக்கு உச்சம்; சூரியன் மறைந்ததும் தளரும். சென்னைக்காரர்கள் கோடையில் மதியம் "கடக்காத்து வந்துடுச்சா" என்று கேட்பதும் இதே இயந்திரம்தான், திசை மட்டும் கிழக்கு.

இதிலிருந்து ஒரு திட்டம் தானாக வருகிறது. மதியக் காற்று வடமேற்கிலிருந்து. ஆகவே கோவாவிலிருந்து தெற்கே இறங்குவது சுகம். காற்று முதுகுப் பக்கம். கொச்சியிலிருந்து வடக்கே ஏறுவது தண்டனை. மேலே சொன்ன 42 மைல் கணக்கு அங்கே வேலை செய்யும். வடக்கே போகத்தான் வேண்டுமென்றால் விடிந்ததும் நங்கூரம் எடுத்து, கரைக்காற்றில் கரையை ஒட்டி ஓடி, மதியத்துக்குள் நின்றுவிட வேண்டும். கோவாவிலிருந்து கொச்சி ஏறக்குறைய 350 கடல் மைல். நாளுக்கு 30 மைல், வெளிச்சத்தில் மட்டும் என்று வைத்தால் ஓடுகிற நாட்கள் ஒரு டஜன். நிற்கிற நாட்களையும் சேர்த்து ஒரு மாதம் ஒதுக்கினால் அவசரம் இல்லை. மல்பேயிலிருந்து மங்களூர் 30 மைலுக்குப் பக்கம். முதல் கடல் பயணத்துக்கு அளவெடுத்த மாதிரி தூரம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரித்துச் சரக்கேற்றிய தோணிக்காரர்களும் இப்படிக் காற்றைப் பார்த்துத்தான் நாள் வைத்தார்கள். ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் அந்த உலகத்தைப் பற்றியது. 2013இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. இந்த ஆசையோடு இருக்கிறவர் படகுக் கையேடுகளுக்கு முன்னால் அதைப் படிக்கலாம்.

கிழக்குக் கரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. ஆனால் சென்னையைவிட்டு தெற்கே ஒதுங்க இடம் குறைவு. நேரான மணல் கரை. பாக் நீரிணையோ ஆழம் குறைந்தது, எல்லைத் தகராறு வேறு. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தின் அடியில் பாய்மரம் போவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அது ஐந்தாம் வருஷத்து ஆசையாக இருக்கட்டும்.

வெளிநாட்டுப் படங்களில் வருவது போல வரிசையாகப் படகு கட்டும் மரினா மேற்குக் கரையில் அநேகமாகக் கிடையாது. கொச்சியில் போல்காட்டித் தீவில் ஒன்று இருக்கிறது. மற்றபடி மீன்பிடித் துறைமுகம், இல்லையென்றால் ஆற்றின் வாய். ஆற்று வாயில்தான் ஆபத்து. மணல் திட்டு ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும். வரைபடத்தில் இருப்பது போன வருஷத்து நிலைமை. 25 அடிப் படகுக்கு ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் தண்ணீர் வேண்டும். ஏற்ற நீரில் மட்டும் உள்ளே போவது, முன்னால் ஒரு உள்ளூர்ப் படகைப் போகவிட்டுப் பின்தொடர்வது, சந்தேகம் இருந்தால் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பது. கள்ளக்கடல் என்று குமரியிலும் கேரளத்திலும் சொல்வது இங்கே நினைவிருக்க வேண்டும். தென்கோடிக் கடலில் எங்கோ ஒரு புயல் எழுப்பிய நீண்ட அலை, நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் கரையேறும். ஆழத்தில் இருக்கும் படகை அது தொட்டிலாட்டிவிட்டுப் போய்விடும். ஆற்று வாயின் ஆழமில்லாத தண்ணீரில் அதே அலை உடைந்து விழும். இன்காய்ஸ் இதற்குத் தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பார்க்காமல் போகிறவருக்கு மன்னிப்பே கிடையாது.

இரவில் ஓட்ட வேண்டாம் என்பதற்கு வலைகள் ஒரு காரணம். மைல் கணக்கில் மிதக்கிற வலைகளின் ஓரத்தில் ஒரு சின்ன டார்ச் மினுக்கும், அல்லது மினுக்காது. அது அவர்கள் பிழைப்பு, நாம் விருந்தாளி. சிக்கினால் வலையை அறுக்கிற உரிமை நமக்கில்லை. துறைமுகத்தில் நின்று பேசினால் எந்தப் பக்கம் வலை போட்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். பெங்களூருவில் கற்ற கன்னடம் மல்பேயிலும் கங்கொள்ளியிலும் அப்போது பலன் தரும். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்கு ஆட்கள் கடல் வழியாக வந்தார்கள் என்பதால், தெரியாத படகைக் கண்டால் கடலோரப் போலீஸ் கேள்வி கேட்கும். கேட்கட்டும். காகிதங்களை மேலாக வைத்திருங்கள். விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16, கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற இலவச எண். இந்த இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

உடம்பு. டாக்டரிடம் "படகுக்குப் போகலாமா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "போங்க, நல்லதுதான்" என்பார். மாத்திரைச் சீட்டை மேசையில் வைத்துக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு பூம் தலையில் தட்டினால் வெளியே சின்ன வீக்கம், உள்ளே ரத்தக்கசிவு என்று ஆகிவிடலாம். ஹெல்மெட் போட்டுக்கொள்ள வெட்கப்படக் கூடாது. சிறுநீரைக் கூட்டுகிற வகை பி.பி. மாத்திரை, மார்ச் மாத வெயில், வியர்வை மூன்றும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். குமட்டலுக்குப் போடுகிற சில மருந்துகள் தூக்கம் வரவழைக்கும். புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைக்கும். கண் அழுத்த நோயில் ஒரு வகைக்கு ஆகாது. இவையெல்லாம் தடைகள் அல்ல, ஏற்பாடுகள். கடலில் விழுந்த பிறகு மீட்பதைவிட விழாமல் இருப்பது இந்த வயதில் பலமடங்கு சுலபம் என்பதால், மிதவை ஜாக்கெட்டோடு மார்புவாரும், அதைப் படகோடு கொக்கி மாட்டுகிற வாரும் எப்போதும். நல்ல வானிலையிலும். குறிப்பாக ஆண்கள் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கும்போது.

படகு வாங்குவது? வேண்டாம், குறைந்தது முதல் இரண்டு பருவத்துக்கு. வாங்குகிற விலை சின்ன விஷயம். நான்கு மாத மழைக்கு அதைக் கரையேற்றி மூடி வைக்க இடம், அடியில் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, உப்பு தின்ற ஒவ்வொரு கம்பிக்கும் மாற்று, காவலுக்கு ஆள். 350 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தால், படகு உங்களை ஓட்டும். கோவாவிலும் மும்பையிலும் படகு வைத்திருப்பவர்களுக்குக் கூடப் போக ஆள் வேண்டியிருக்கிறது. கயிறு இழுக்க, சமைக்க, விடியற்காலையில் விழித்திருக்க ஒத்துக்கொள்கிற நிதானமான மனிதருக்கு இடம் கிடைக்கும். இன்ஜின் ரிப்பேர் தெரிந்த ஆள் என்றால் கேட்கவே வேண்டாம், தேடி வருவார்கள்.

கடைசியாக, கேட்கிறவர்கள் எல்லோரும் தங்களுக்காக மட்டுமே கேட்கிறார்கள். "அவளுக்கு தண்ணின்னா பயம், சும்மா கூட வருவா" என்று ஒரு வார்த்தை. இது சரிப்படாது. இரண்டு பேர் போகிற படகில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால், மீதி இருக்கிற ஒருவர்தான் பாயை இறக்கி, இன்ஜினைப் போட்டு, படகைத் திருப்பி, விழுந்தவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ரேடியோவில் இடத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே அம்மாவும் சுக்கான் பிடிக்கட்டும், ஐயா தண்ணீரில் விழுந்ததாக ஒரு மிதவையைப் போட்டுத் திரும்பத் திரும்ப எடுத்துப் பழகட்டும். வகுப்புக்குப் பணம் கட்டும்போது இரண்டு பேருக்கும் சேர்த்தே கட்டிவிடுங்கள்.